கோட்டைக்கு ஒரு ஸ்டேட்டஸ்

மனிதன் கட்டிய கோட்டைகளில் உடைக்கவே முடியாதது ஒன்றே ஒன்றுதான். அது மதுரை காளவாசலில், ஓர் அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், கிரிதரின் லினக்ஸ் லேப்டாப்புக்குள் இருந்தது.

அப்படித்தான் கிரிதர் சொல்லிக்கொண்டிருந்தான்... காலை பதினொன்று பத்துக்குக் காலிங் பெல் அலறும் வரை!

திறந்தான்.

காக்கி!

"கிரிதர் நீங்கதானா? இன்ஸ்பெக்டர் நாகஜோதி. கொலை மிரட்டல் கேஸு. இங்கனயே பேசுவமா, ஸ்டேஷனுக்குப் போவமா?"

அவருக்குப் பின்னால் பக்கத்து வீட்டு சாம்பசிவம். பதினோரு வருடமாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். முகம் நெற்றி விபூதியைவிட வெளுத்திருந்தது. அவருக்கும் பின்னால் மனைவி அனந்தலக்ஷ்மி, இன்ஸ்பெக்டருக்கான காபி டம்ளருடன்.

நாகஜோதி ஒரு தாளை நீட்டினார்.

'இந்தத் தடவையும் செயலாளருக்கு நின்னே... உன் சோலி முடிஞ்சது!'

"ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு நாப்பதுக்கு சாருக்கு வந்த மெயிலு. போனது உங்க இன்டர்நெட்ல இருந்து!"

"சான்சே இல்ல மேடம்!" கிரிதர் நெஞ்சை நிமிர்த்தினான். "நான் ரவுட்டரே வைக்கிறதில்ல. கேபிள் நேரா லேப்டாப்புக்கு. என் போன், டிவி எல்லாத்துக்கும் லேப்டாப்தான் வைஃபை குடுக்கும். அதுவும் விண்டோஸ் இல்ல, லினக்ஸ்! இருபத்தேழு எழுத்து பாஸ்வேர்டு. என்னைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது!"

"அப்ப அனுப்புனது நீங்கதான். செருப்பை மாட்டுங்க."

கிரிதர் கடிகாரத்தைப் பார்த்தான்.

நாலு மணிக்குக் கல்லூரியில் அவன் பேச்சு. தலைப்பு, 'என் வைஃபை, என் கோட்டை'. ஜீப்பில் ஏறினால் மானம் போச்சு!

"ஒரு நிமிஷம்! யார் யார் கனெக்ட் ஆனாங்கன்னு லினக்ஸ் குறிச்சு வச்சிருக்கும்!"

தட்டினான். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடின... நின்றன.

ஞாயிறு. 2.36. அவனுடையது அல்லாத ஒரே ஒரு போன். அதன் பெயர்...

'அனந்தலக்ஷ்மி.'

டம்ளர் விழுந்தது!

"நீயாடி?" சாம்பசிவம் அலறினார்.

"நான்தான்! மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர்னு பதினோரு வருஷம். ஒருநாள் ஆத்துல நிம்மதியா சாப்பிட்டிருக்கேளா? வாயால சொன்னா கேக்கலை. அதான் மெயில்ல சொன்னேன்."

"அதுக்குக் கொலை மிரட்டலா?"

"வேற எதுக்குத்தான் நீங்க பயப்படறேள்? நம்மாத்து நெட்டுல அனுப்பினா மாட்டிப்பேனேன்னு இவனோடதுல அனுப்பினேன்."

நாகஜோதி சிரிப்பைக் கடித்து விழுங்கினார். "கேஸ் வேணுமா ஐயா?"

"வேண்டாம்." சாம்பசிவம் தரையைப் பார்த்தார். "எலெக்ஷனும் வேண்டாம்."

கிரிதர் தப்பித்தான். ஆனால்...

"மாமி! இருபத்தேழு எழுத்து! எப்படி உடைச்சீங்க?"

"நான் எதையும் உடைக்கலைப்பா. போன வாரம் 'என் கோட்டை'ன்னு லேப்டாப்பை ஃபோட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ்ல போட்டியே? ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா ஒரு கியூஆர் கோடு இருந்துது. ஸ்கேன் பண்ணேன்... பாஸ்வேர்டே கேக்காம உன் வைஃபைல ஒட்டிண்டுது."

மேஜைமேல் நாலு மணிக் கூட்டத்தின் அழைப்பிதழ். நாகஜோதி அதன்மேல் தன் போனைக் காட்டினார்.

"அட, எனக்கும் நெட்டு வந்துருச்சு சார்!"

அழைப்பிதழின் அட்டையிலும் அதே ஃபோட்டோதான். ஐந்நூறு பிரதிகள் நேற்றே விநியோகமாகிவிட்டன.