ஆனையிறவில் கூப்பிட்டது

யாழ்ப்பாணத்திலிருந்து திரும்பும்போது, வவுனியா தாண்டிய பிறகுதான் அருந்ததி கவனித்தாள்: அவர்கள் வந்த வாடகை வானின் பின் சீற்று, கடைசி இருக்கை, அமுங்கியிருந்தது. அதில் ஒருவருமில்லை. ஆனாலும் நாலைந்து பேர் நெருக்கியடித்து இருந்ததுபோல, பள்ளத்துக்குப் பள்ளம் அதன் ஸ்பிரிங் முனகிக்கொண்டே வந்தது.

"வான் இழுக்குதில்ல, சேர். டயரெல்லாம் பாத்தேன், நல்லாத்தான் ஈக்கி," என்றார் சாரதி ஸாலிஹ்.

"ரோட்டு அப்பிடி," என்று சொல்லிவிட்டு அவளுடைய கணவர் கனகசபாபதி கண்ணை மூடிக்கொண்டார்.

சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த செய்தி கேட்டதும், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து முன்பின் யோசிக்காமல் வெளிக்கிட்ட பயணம் அது. ஆறு வருடத்துக்கு முன் ஓர் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்ட மகன் சேந்தன் திரும்பவேயில்லை. முகாம் முகாமாக அலைந்து கால் தேய்ந்தவளுக்குக் கடவுள்தான் மிச்சம். கொட்டாஞ்சேனை அந்தோனியாருக்கு மெழுகுதிரி, மடு மாதாவுக்கு நேர்த்தி, நல்லூரில் அர்ச்சனை. எல்லா இடத்திலும் மகனின் பெயரைச் சொல்லித்தான் கேட்டாள்.

அன்று காலை ஆனையிறவில், எரிந்த கவச வண்டியைப் பார்க்க எல்லாரையும்போல அவர்களும் இறங்கினார்கள். சனம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் பரந்து கிடந்த உப்புவெளியை அவள் பார்த்தாள். எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் இங்கே சண்டையில் செத்திருப்பார்கள்! ஐயர் கேட்பதுபோலப் பெயரும் நட்சத்திரமும் கேட்க அங்கே யாருமில்லை. வாய் தன்பாட்டில், பெயர் சொல்லாமலே கூப்பிட்டுவிட்டது.

"வா மகனே. அம்மா வந்திருக்கிறன். வீட்ட போவம்."

வத்தளைக்கு வரும்போது, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டும் போகாத ஓர் உப்புச் சேற்று மணம், ஈரத் துணியும் பழைய இரும்பும் கலந்து, வானுக்குள் நிறைந்து தொண்டையைக் கரகரக்க வைத்தது. பேலியகொடையில் அவளுடைய பிடரியில் மூச்சு பட்டது. ஒரு மூச்சில்லை. பல. ஸாலிஹ் பின்கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாய்க்குள் ஓதத் தொடங்கியிருந்தார்.

பொழுது படும் நேரம் வெள்ளவத்தைக்கு வந்து, மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஏறிக் கதவைப் பூட்டினார்கள். அப்போதுதான் படிகளில் கேட்டது. ஈரக் கால்கள். ஒவ்வொரு படியாக.

கதவில் தட்டல்.

"அம்மா."

இன்னொரு குரல். "அம்மா."

மூன்றாவது சிங்களத்தில். "அம்மே."

கனகசபாபதி அவள் கையைப் பிடித்தார். "திறக்காதையும்! அது எங்கட பிள்ளையில்லை."

"அதுக்குள்ள அவன் நிண்டால்? ஆறு வருசமா நான் தட்டாத கதவில்லை. அவன் வந்து தட்டேக்க நான் திறக்காமல் இருக்கிறதோ?"

தாழ்ப்பாளை இழுத்தாள்.

படி நிறையப் பிள்ளைகள். கீழே, வளைவு வரைக்கும். இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சீருடைகளும். கண் இருந்த இடத்தில் உப்பு. அவள் முகம் முகமாகத் தேடினாள். எல்லாம் ஒரே வெள்ளை.

"சேந்தன்?" என்றாள்.

"ஓம், அம்மா," என்றார்கள் அத்தனை பேரும். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள்.