நடுவில் விட்ட இடம்

வாலாஜாபேட்டை தாண்டும்போதே பரசுராமனுக்கு ஒன்று உறுத்தியது. பின்னால் ஏறிய சிட்டிபாபு சீட்டில் உட்காரவில்லை. சீட்டுக்கும் பின்னால், மூட்டை கட்டுகிற இரும்புக் கேரியரில் ஒடுங்கிக்கொண்டு, நடுவில் ஓர் ஆள் தாராளமாக உட்காரும்படி இடம் விட்டிருந்தான்.

"ஏண்டா, நடுவுல யாருக்குடா எடம் உட்டுகினு வர? ஒம் மாமியாருக்கா?"

சிட்டிபாபு சிரிக்கவில்லை. "ரோட்டப் பாத்து ஓட்டுப்பா" என்றான்.

ஜாவா மோட்டார் சைக்கிள் சிட்டிபாபுவுடையது. ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் என்று மலைமலையாகச் சுற்றிவரலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். ஆனால் சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டு வாசலிலேயே சாவியைப் பரசுராமன் கையில் திணித்துவிட்டான். அந்த வண்டியைப் பெண்டாட்டிகூடத் துடைக்க விடாதவன் அவன். அப்போதே யோசித்திருக்க வேண்டும். பங்குனியில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவன், கொஞ்சம் மனசு ஆறட்டும் என்றுதான் பரசுராமன் கிளம்பினான்.

பரசுராமனின் மனைவி தேவகிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து. மூன்று மாதம் முடிகிறவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று பரசுராமனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சிட்டிபாபுவிடம் அவன் மறைத்தது அது ஒன்றைத்தான். அதற்கே கூச்சமாக இருந்தது.

பத்து வருஷமாக இருவருக்கும் ஒரே தறி. பெரிய கரையைத் தனியாக நெய்து உடலோடு கோர்க்கிற கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. பரசுராமன் உடலை நெய்ய, சிட்டிபாபு பக்கத்தில் உட்கார்ந்து, "விடட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு, கரை நூல் சுற்றிய நாடாவை ஓட விடுவான். வேலை ஓடும்போது கரைக்காரன் எது கேட்டாலும் தறிக்காரன் தலையைத் திருப்பாமல் "ஆங், விடு" என்று சொல்லிக்கொண்டே போகவேண்டும். திரும்பினால் கை தப்பும், கரை பிசகும். சினிமாவுக்குப் போலாமா என்று கேட்டாலும் அதே பதில்தான்.

சேலத்தில் படுத்து எழுந்து, மறுநாள் காலை ஏற்காடு மலையேறினார்கள். அடிவாரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. மூங்கில்கள் உரசும் சத்தத்தையும் என்ஜினின் முக்கலையும் கேட்டுக்கொண்டு, காப்பிச் செடிகளின் பச்சை வாசனையை இழுத்துக்கொண்டு குஷியாகத்தான் ஓட்டினான் பரசுராமன். பிறகு மேலேயிருந்து மூடுபனி இறங்கி, சாலையோர வெள்ளைக் கற்களை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசியில் முன்சக்கரத்தையே மறைத்தபோதுதான் தன் முதுகு நனைந்திருப்பது தெரிந்தது. வேர்வை இல்லை. சில்லென்றிருந்தது. தலைக்குக் குளித்துத் துவட்டாத யாரோ நெற்றியைச் சாய்த்துக்கொண்டதுபோல, தோள்பட்டைகளுக்கு நடுவில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஊறிய தலைமுடியின் வாடையும் வந்தது.

சிட்டிபாபு அசதியில் சாய்ந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். கேரியரிலிருந்து எட்டாதே என்பது அடுத்த வளைவில்தான் உறைத்தது.

கொண்டை ஊசி வளைவு. இடது பக்கம் பள்ளம். கண்ணை எடுக்க முடியாது.

பின்னாலிருந்து சிட்டிபாபு கேட்டான், தறியில் கேட்கிற அதே குரலில்.

"பரசு, இவள ஒங்கிட்ட உட்டுடட்டுமா?"

"ஆங், விடு."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. "எவள?" என்று கேட்பதற்குள் கேரியரிலிருந்து சிட்டிபாபு குதித்துவிட்டான்.

பரசுராமன் பிரேக்கை மிதித்தான். கழுத்தை ஒருக்களித்துப் பார்த்தபோது, சாலையோரப் பனியில் சிட்டிபாபு இரண்டு கைகளையும் கூப்பி நின்றுகொண்டிருந்தான். முகமெல்லாம் கண்ணீர்.

"போன வருசம் தனியா வந்தேன்டா. இந்த வளைவுல ஒருத்தி கை காட்டினா, ஏத்திக்கினேன். அப்பறம் எறங்கவே இல்ல. மூத்தவன எடுத்துக்கினா. இப்ப சின்னவன் தொட்டிலுகிட்ட உக்காந்து சிரிச்சிக்கினு இருக்கிறா. இன்னொருத்தன் வாயால சரின்னு சொன்னாத்தான் மாறுவா."

"அதுக்கு நானாடா கெடச்சேன்?"

"ஒனக்குத்தான் புள்ளகுட்டி இல்லியே, பரசு. அவளுக்கு வேண்டியது கொழந்தைங்கதான். ஒன்ன ஒண்ணும் பண்ணமாட்டா."

பயம்கூட அப்புறம்தான் வந்தது. முதலில் நெஞ்சு எரிந்தது. அந்த மூத்த பிள்ளையை இடுகாட்டுக்குத் தூக்கிப் போனவை இந்தக் கைகள்தான். கூடப்பிறந்தவனைவிட மேல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோமே, இவன் நம்மைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறானே, நம் வாய்ப்பழக்கத்தைக்கூட விடாமல் மனசில் வைத்திருந்து கழுத்தை அறுத்துவிட்டானே என்று பொங்கியது.

"பாவி! தேவகி முழுகாம இருக்கிறாடா!"

சிட்டிபாபு கூப்பிய கைகளை இறக்கினான். பிறகு அவன் இறக்கத்தில் ஓடினான். செருப்புச் சத்தம் பனிக்குள் தேய்ந்து போயிற்று. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என்ஜின் அணைந்திருந்தது. தானாக.

வீட்டுக்குப் போகக்கூடாது. இங்கேயே கிடந்து செத்தாலும் சரி, தேவகி இருக்கும் பக்கம் தலைவைக்கக் கூடாது. பரசுராமன் சாவியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தான். இறங்கப் பார்த்தான். கால் எழவில்லை.

காதருகே ஈரமான மூச்சு.

"தேவகி தனியா இருப்பாளே." மெதுவாக. பிரியமாக. "வாந்தி எடுத்துக்கினு சுருண்டு படுத்திருப்பா. கெளம்புப்பா. போலாம்."

ஹேண்டில்பார் அவன் பிடியை மீறித் திரும்பியது. முன்சக்கரம் இறக்கத்தைப் பார்த்தது. வண்டி உருண்டது. சத்தமே இல்லாமல்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் இடுப்பைச் சுற்றி வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். அவை அவன் வயிற்றின்மேல் பதிந்து, பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைத் தடவுவதுபோல, வட்டமாக, வட்டமாகத் தடவத் தொடங்கின.