பார்க்க: பிணம்

புத்தகத்தின் கடைசியில் பெயர்களை வரிசையாக அடுக்கியிருந்த பட்டியலில், ஹில்டா ஸ்பரோவின் பெயருக்கு எதிரே மட்டும் பக்க எண் இல்லை. ‘ஸ்பரோ, ஹில்டா – பார்க்க: பிணம்’ என்று போட்டிருந்தது.

ஹில்டா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. நவம்பர் மாதம், மணி நாலுதான், அதற்குள் ஜன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. கணப்பில் கரி நெரிந்து விழும் சத்தமும், கதவிடுக்கில் ஈரக்காற்று நுழையும் சத்தமும், இத்தனை நாள் கழித்தும் திரைச்சீலைகளை விட்டுப் போகாத மெரியலின் சிகரெட் வாடையும் அந்த அறையில் வழக்கம்போல இருந்தன. அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியான மெரியல் காஸ் செத்து மூன்று வருடமாகிவிட்டது.

மெரியலின் குறிப்பு நோட்டுகளை அச்சடித்த அந்தப் புத்தகத்தைக் காலையில் கொண்டுவந்த தபால்காரி திருமதி பக்கில், கொடுத்துவிட்டுச் சும்மா போகவில்லை. “என்ன மிஸ் ஸ்பரோ, புஸ்தகத்துல உங்க பேரெல்லாம் வருதாமே? நாளைக்கு எங்களப் பாத்தா ஒரு குட்மார்னிங்காவது சொல்லுவீங்களா?” ஹில்டாவுக்கு வெட்கமும் பெருமையும் தாங்கவில்லை. வேலையெல்லாம் முடித்து, டீ போட்டுக்கொண்டு, சாவகாசமாகப் பிரிக்க வேண்டும் என்று நாள் முழுக்க ஆசையை அடக்கி வைத்திருந்தாள்.

துப்பறியும் கதைகளால் பேர் வாங்கிய மெரியலுக்கு அவள் இருபத்தேழு வருடம் டைப் அடித்தாள். அது பாதி வேலைதான். மீதி வேலை, சாவது. ஒத்திகை பார்க்காத கொலையை மெரியல் எழுதமாட்டாள். ஹில்டா குளியல் தொட்டியில் கிடப்பாள், அலமாரிக்குள் மடங்குவாள், படிக்கட்டின் அடியில் விழுந்து கிடப்பாள். மெரியல் ஸ்டாப்வாட்சுடன் மேலே நிற்பாள். திட்டம் சரியாக வந்தால் நோட்டில் பச்சை மையால் ஒரு டிக். அதுவரை பிணம் கண்ணைத் திறக்கக் கூடாது. அப்புறம், “போதும் ஹில்டா, எந்திரி. டீ ஆறிடும்” என்பாள். நாற்பத்தொரு தடவை செத்தும் ஹில்டாவுக்குச் சலிக்காததற்குக் காரணம் அந்த டீ. முகத்துக்கு நேரே ‘மிஸ் காஸ்’ என்றுதான் கூப்பிடுவாள். மனதுக்குள் எப்போதும் மெரியல்தான்.

‘பிணம்’ என்ற தலைப்பின் கீழே எண்கள் வரிசையாக இருந்தன. 31-ஆம் பக்கம்: ‘பிணம் இன்று தும்மிவிட்டது. ஒரு மணி நேரம் வீண்.’ 140: ‘பிணம் பருத்துக்கொண்டே போகிறது. அலமாரிக் கொலையைக் கைவிட வேண்டியதுதான்.’ 212: ‘பிணம் என்னைச் சிநேகிதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குக் கையுறை பின்னிக் கொடுத்தது. நாய்க்குப் போட்டுப் பார்த்தேன்.’

அவளுக்கு அழுகை வரவில்லை. நானூறு பக்கத்தில் ஓர் இடத்திலாவது ‘ஹில்டா’ என்று எழுதக் கை வரவில்லையே இவளுக்கு. இதற்காகவா சத்தியத்தை மீறினோம் என்று இருந்தது.

மீறியது உண்மை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மெரியல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “பச்ச நோட்டு எல்லாத்தையும் எரிச்சுடு ஹில்டா. சத்தியம் பண்ணு” என்றாள். ஹில்டா பண்ணினாள். பிறகு எரிக்காமல் மெரியலின் அண்ணன் மகன் ரூபர்ட்டிடம் தூக்கிக் கொடுத்தாள். அந்தக் கதைகளில் தனக்கும் பங்கு உண்டு என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற ஆசை.

பட்டியலில் கடைசி எண் 388. அங்கே நோட்டின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்படியே அச்சிட்டிருந்தார்கள். நோயாளியின் நடுங்கும் எழுத்து.

‘கடைசித் திட்டம். 1. எரிக்கமாட்டாள். 2. ரூபர்ட்டிடம் கொடுப்பாள். 3. புத்தகம் வந்ததும் முதலில் பின்பக்கம் புரட்டித் தன் பெயரைத் தேடுவாள்.’

மூன்றுக்கும் எதிரே டிக் இருந்தது. படம் கறுப்பு வெள்ளை. டிக் மட்டும் பச்சை.

விரலால் தொட்டாள். விரல் பச்சையானது.

அதற்குமேல் படிக்காமல் புத்தகத்தை மூடினாள். கூடத்துக்கு ஓடிப்போய் ரூபர்ட்டுக்குப் போன் போட்டாள்.

“அட, மிஸ் ஸ்பரோ! புஸ்தகம் வந்துச்சா?”

“388-ஆம் பக்கத்துல டிக் யாரு போட்டது?”

“டிக்கா? அதுல டிக்கே கெடையாதே. அத்தை ஒத்திக பாக்காம விட்ட ஒரே திட்டம் அதுதான். அதனாலதான படமாவே போட்டோம்!”

“அது என்னப் பத்தினதுன்னு உனக்குத் தெரியும்.”

ரூபர்ட் சிரித்தான். “அத்தையோட குசும்பு உங்களுக்குத் தெரியாததா? கதைதான மிஸ் ஸ்பரோ. ஜனங்க அந்தப் பக்கத்தப் பத்திதான் பேசிட்டிருக்காங்க. ஒரு டீயக் குடிச்சிட்டு நிம்மதியாப் படுங்க.”

போனை வைத்தாள். இவனுமா? சின்ன வயதில் இவனுக்குச் சளி பிடித்தபோதெல்லாம் மார்பில் தைலம் தேய்த்து விட்டவள் அவள்தான்.

அந்த ஆத்திரத்தில் பயம் கொஞ்சம் விலகியது. அசல் நோட்டுகளை ரூபர்ட் போன மாதமே திருப்பி அனுப்பியிருந்தான். மாடியில் மெரியலின் மேஜை இழுப்பறையில் இருந்தன. எரித்துவிடலாம். சொன்ன சொல்லை இன்றைக்காவது நிறைவேற்றிவிடலாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதின்மூன்று படியும் ஏறினாள். அறை குளிர்ந்து கிடந்தது. சிகரெட் வாடை இங்கே பழையதாக இல்லை.

கடைசி நோட்டைப் பிரித்தாள்.

‘4. ரூபர்ட்டுக்குப் போன் செய்வாள்.’ டிக்.

‘5. காலம் கடந்து எரிக்க வருவாள்.’ டிக். அந்த மை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

‘6. ஒன்பதாவது படி.’ எதிரே காலி.

அறை மூலையில் ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது.

நோட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்தாள். ஓடவில்லை. ஓடினால்தான் விழுவோம் என்று தெரியும். ஒன்பதாவது படியில் கம்பளத்தை இறுக்கும் பித்தளைக் கம்பியைத் தளர்த்தி ஆளைச் சறுக்கவைப்பது மெரியலின் பழைய யோசனை. ஹில்டாவுக்கு அந்தப் படி தெரியும். எத்தனையோ மதியங்கள் கீழே கிடந்து அண்ணாந்து எண்ணியிருக்கிறாள். ஒன்று, இரண்டு, கீழேயிருந்து ஒன்பது. அந்தப் படியில் கால் வைக்காமல் தாண்டினாள். தாண்டியதும் மூச்சு வந்தது. சிரிப்புகூட வந்தது.

பின்னால் தரைப்பலகை முனகியது.

அப்போதுதான் உறைத்தது. கீழே கிடப்பவள் கீழிருந்து எண்ணுவாள். மெரியல் எப்போதும் மேலேதான் நிற்பாள். மேலிருந்து எண்ணுவாள்.

கால் அதற்குள் அடுத்த படிக்கு இறங்கிவிட்டது. அதற்கடுத்ததற்கு. அதற்கடுத்ததற்கு.

கம்பி ‘டிங்’ என்றது.

கல்தரை கன்னத்தில் குளிர்ந்தது. இடது கை உடம்புக்கு அடியில். வலது கை விரிந்து. முகம் சுவர்ப்பக்கம். ஒத்திகையில் கிடந்த அதே கிடை. வலி எங்கேயும் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே எதுவுமே தெரியவில்லை. விரலை அசைக்க நினைத்தாள். விரல் அசையவில்லை.

படிகளில் செருப்புச் சத்தம். நிதானமாக. மேலிருந்து.

கண்ணைத் திறக்கக் கூடாது. சொல்லும்வரை திறக்கக் கூடாது. இருபத்தேழு வருடப் பழக்கம். சொல்வாள். இப்போது சொல்லிவிடுவாள். போதும் ஹில்டா, எந்திரி.

சத்தம் பக்கத்தில் வந்து நின்றது. சிகரெட் மூச்சு முகத்தில் பட்டது.

ஸ்டாப்வாட்ச் நின்றது.

கூர்மையாக, குளிராக, ஈரமாக ஏதோ கன்னத்தில் பட்டது. கீழ்நோக்கி ஒரு சின்னக் கோடு. மேல்நோக்கி ஒரு நீளக் கோடு.

பேனாவின் மூடியைத் திருகும் சத்தம்.

செருப்புச் சத்தம் படியேறிப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று. ஹில்டா கண்ணை மூடியபடி காத்திருந்தாள். மேலே கதவு சாத்தப்பட்டது. யாரும் எந்திரி என்று சொல்லவில்லை.