நாலாம் அடி

மூன்று அடி போட்டு நாலாவதை நிருபன் காலியாகத்தான் விட்டிருந்தான். கணினித் திரையிலும் அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் ஹெட்ஃபோனுக்குள், அந்த நாலாவது அடி விழவேண்டிய நேரத்தில், யாரோ பலகையில் தட்டுவது போல டொக், டொக் என்று இரண்டு சத்தம் கேட்டது.

முதலில் கோளாறு என்றுதான் நினைத்தான். கொழும்பில் வாங்கிய களவுச் சீடியில் வந்த சிந்தசைசர் சொஃப்ட்வெயார் அது. திரையில் உள்ள குமிழ்களைத் திருகினால் ஒரு தாழ்ந்த சுரம் தடிக்கும், மெலியும், நாய் போல உறுமும். ரொறன்ரோவில் டீஜேயாக இருக்கும் பெரியப்பா மகனுக்கு, ஆட்டப் பாட்டுகளின் அடியில் ஓடும் பேஸ்லைன்களை ஒரு வருடமாக அதில்தான் செய்து அனுப்பிக்கொண்டிருந்தான். ஊர்காவற்றுறை முழுக்கத் தேடினாலும் இந்த வேலை விளங்கிய ஒருத்தர் கிடைக்கமாட்டார். "பெடியன் பெட்டிக்குள்ளை இடி வளக்கிறான்" என்று அப்பா வின்சன்ற் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவர் வள்ளத்தோடு காணாமல் போய் இன்றைக்குப் பதினொரு நாள்.

கடலில் பனிமூட்டம் இறங்கினால், வள்ளம் போன வீட்டார் கரையில் நின்று தகரப் பீப்பாவை அடிக்கவேண்டும். மூன்று அடி, பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் வள்ளத்தில் இருப்பவர் துடுப்பால் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். வள்ளம் மணலில் முட்டும்வரை அடிப்பவர் கை ஓயக்கூடாது. காற்றுச் சரியில்லையென்று மற்றவர்கள் போகாத அன்று வின்சன்ற் மட்டும் தனியாகப் போயிருந்தார். அம்மா மாக்கிறேற் கோயிலில். பீப்பா அடிக்கவேண்டியவன் நிருபன். அவனோ காதை அடைத்துக்கொண்டு ஒரு பேஸ்லைனை உருட்டிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே ஊரே வெள்ளையாகிப் போனதைக்கூட அவன் பார்க்கவில்லை.

கால் முறிந்து படுக்கையில் கிடந்த பக்கத்து வீட்டு எமிலியானுஸ் மாமாதான் பிறகு சொன்னார். "கொப்பர் தட்டினவர் தம்பி. அரை மணித்தியாலம் தட்டினவர். நான் கத்திக் கூப்பிட்டனான், உனக்குக் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளங்கை கொப்புளிக்க எட்டு நாள் பீப்பாவை அடித்தான். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. ஒன்பதாம் நாள் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. பீப்பாச் சத்தம் எட்டாத இடத்துக்கு, காதுக்குக் கேட்காமல் நெஞ்சை மட்டும் இடிக்கிற தாழ்ந்த சுரம் எட்டாதா? கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கரை இரந்து வாங்கி வந்து, அறைச் சீமெந்து நிலத்தில் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தான். மண்ணுக்குள்ளால் போனால் கடலுக்குப் போகும் என்பது அவன் எண்ணம்.

இப்போது, பின்னேரம் நாலு மணிக்கு, பின்வளவில் ஜெனரேற்றர் இரைந்துகொண்டிருக்க, ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அந்த மூன்று அடியை ஸ்பீக்கருக்கு விட்டான். கதிரைக்கால் அதிர்ந்தது, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அவன் பல்லின் வேர்வரைக்கும் அந்தச் சுரம் இறங்கியது. அடி, அடி, அடி. இடைவெளி.

டொக், டொக்.

கணினியில் இருந்து இல்லை. எங்கோ தூரத்தில், ஈரப் பலகையில்.

நிருபனுக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "அம்மா!" என்று கத்தினான். கையில் மீன் செதிலோடு குசினியிலிருந்து ஓடிவந்த மாக்கிறேற் வாசலில் நின்று கேட்டாள். அடுத்த இடைவெளியில் அது இன்னும் கிட்டக் கேட்டது.

"கேக்குதோ அம்மா?"

"ஓம்." அவள் முகம் பதினொரு நாளுக்குப் பிறகு விடிந்தது. "அவர்தான். அவரின்ரை தட்டுத்தான். நிப்பாட்டாதை தம்பி, வரட்டும், நிப்பாட்டாதை!"

அவன் வாசலுக்கு ஓடினான். வானம் கழுவி விட்டது போல இருந்தது. கரை தெரிந்தது, கடல் தெரிந்தது, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வள்ளமும் இல்லை. ஆனால் தட்டுக் கிட்ட வந்துகொண்டேயிருந்தது. கரையில் கேட்டது. பிறகு வேலியடியில். பிறகு கிணற்றுக்குள் ஒரு தரம், வாளி ஆடியது.

பிறகு அவன் நின்ற படிக்குக் கீழே.

பாதம் குளிர்ந்தது. அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. பீப்பாச் சத்தம் தண்ணீருக்கு மேலால் போகும், கேட்கிறவர் மேலால் வருவார். இவன் கூப்பிட்டது அடியால்.

அவன் அறைக்குத் திரும்பினான். அழுகின சாதாளைப் பாசியும் சேறும் கலந்த மணம் மூக்கில் அடித்தது. சீமெந்தில் மயிர் போல ஒரு வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் கசிந்தது. உப்புத் தண்ணீர்.

அடி, அடி, அடி.

டொக், டொக். டொக், டொக். டொக், டொக்.

ஒரு வள்ளம் இரண்டு தட்டுத்தான் தட்டும்.

"அம்மா, இது அப்பா மட்டுமில்லை."

"அவர் இருக்கிறார்தானே?" அவள் நிலத்தில் குப்புற விழுந்து வெடிப்பில் காதை வைத்திருந்தாள். "இருக்கிறார் தம்பி. எனக்குக் கேக்குது."

"எனக்கு ஏலாதம்மா. நிப்பாட்டப்போறன்."

"ஒருக்கா நீ கூப்பிடேல்லை." பதினொரு நாள் சொல்லாததை அவள் சொன்னாள். "இப்பவும் விடப்போறியோ?"

அவன் மவுஸில் கை வைத்தான். அப்பா கீழே இருந்தார். உண்மையிலேயே இருந்தார். நிறுத்தினால் இரண்டாம் தரமும் அவன்தான் அவரை விட்டவன். வெடிப்பு அகலமானது. நிலம் உள்ளிருந்து உப்பியது.

நிறுத்தினான்.

ஸ்பீக்கர் ஓய்ந்தது. கீழேயும் ஓய்ந்தது. ஜெனரேற்றர் இரைச்சல் மட்டும். நிருபன் மூச்சு விட்டான்.

தொம். தொம். தொம்.

மாக்கிறேற் இரண்டு முழங்காலில் நின்று, அறை மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, வெடிப்பின் ஓரத்தில் இடித்துக்கொண்டிருந்தாள். மூன்று அடி. ஒரு இடைவெளி. மூன்று அடி. அவன் பாய்ந்து உலக்கையைப் பிடித்தான். அவள் அதை அவனிடமே விட்டுவிட்டுக் கையை நீட்டினாள், ஏனென்றால் சீமெந்து அப்போது பிளந்துவிட்டிருந்தது.

வெளியே வந்த கையில் வலைக்கயிறு அறுத்த பழைய தழும்பு இருந்தது. அப்பாவின் கை. மாக்கிறேற் அதை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்றாள்.

அவள் மணிக்கட்டை இன்னொரு கை பிடித்தது. அதற்குமேல் இன்னொன்று. வெளுத்து, ஊறி, நகமில்லாத கைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி அவள் முழங்கைக்கு, தோளுக்கு வந்தன. அவள் ஒன்றையும் தட்டிவிடவில்லை. நிலத்துக்குள் இறங்கிக்கொண்டே, மற்றக் கையால் சீமெந்தில் மூன்று தரம் அடித்தாள், இடைவெளி விட்டாள்.

நிருபனின் கால்களுக்குக் கீழே, வீடு முழுக்க, பதில் தட்டத் தொடங்கியது.