நீக்கியதை மட்டும்

வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் வாய் ஓயாத மனிதர். கேட்டைத் திறக்கும்போது தண்ணீர் வசதியில் ஆரம்பித்தவர், மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் முன்பு குடியிருந்தவர்களின் குடும்பச் சண்டை வரைக்கும் வந்துவிட்டார். மாடியின் கோடியில் இருந்த அறைக்கதவைத் தள்ளியதும் மட்டும் அவர் குரல் தானாக இறங்கியது.

"பாத்துக்கோங்க. நல்ல ரூம்," என்றார், தூங்குகிறவர் பக்கத்தில் நின்று பேசுவது போல. ஏன் கிசுகிசுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

ஜன்னல் இல்லாத அறை அது. தடித்த சுவர்கள். வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த துணி அலமாரியின் வாடை. வீடு பார்க்க வந்திருந்தது அக்காவும் தம்பியும். தம்பி உள்ளே போய் ஒரு தடவை கை தட்டிப் பார்த்தான். எதிரொலி துளிக்கூட இல்லை. தட்டின ஓசையே பாதியில் யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி நின்றுபோனது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அக்கா, இது ரூம் இல்ல, ஸ்டூடியோ! எவ்வளவு கொட்டினாலும் இப்படி ஒண்ணு கட்ட முடியாது."

அக்காவுக்கும் ஆசைதான். பழைய வீட்டில் எதிர்வீட்டு நாய் குரைக்காமல் ஒரு வாக்கியத்தைக்கூட அவர்களால் பதிவு செய்ய முடிந்ததில்லை. 'பெட்டி பிரிக்கலாம்' என்பது அவர்கள் நடத்திய பாட்காஸ்ட். சந்தைக்கு வந்த போன், காதில் மாட்டும் கருவி, தூக்கத்தை அளக்கிற கைக்கடிகாரம் என்று வாராவாரம் ஏதாவது ஒன்றைப் பிரித்து, அது தேறுமா தேறாதா என்று தம்பி பேசுவான். அவள் அதை வெட்டி, ஒட்டி, சுத்தம் செய்து ஏற்றுவாள். விளம்பரப் படங்களுக்கு ஒலி சுத்தம் செய்கிற வேலையில் பத்து வருஷம் காதைத் தேய்த்தவள் அவள்.

தம்பிக்கு வீட்டில் ரேடியோ என்று பெயர். அம்மா வைத்தது. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவான். போன் பழுது பார்க்கும் கடையில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியிருந்தான். படிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, வேறு கைத்தொழிலும் கிடையாது. அவனிடம் இருந்ததெல்லாம் அந்தக் குரல்தான். கொஞ்சம் கரகரப்பும் நிறைய சிரிப்புமாக, கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போன்ற குரல். அது போனால் அவன் போனான் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

குடிவந்த வாரமே பதிவு வைத்தார்கள். மத்தியான நேரம்தான் தெரு அடங்கும். மின்விசிறியை அணைத்தார்கள். சமையலறையில் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார்கள்; பதிவு முடிந்ததும் திரும்பச் செருக மறந்துபோய் பால் கெட்டுப்போவது வாராவாரம் நடக்கிற கூத்து. இதற்கெல்லாம் பிறகு ஒரு சடங்கு உண்டு. பேச ஆரம்பிக்கும் முன் அரை நிமிஷம் சும்மா இருந்து, அறையின் ஓசையை மட்டும் பதிவு செய்ய வேண்டும். எந்த அறைக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. அதைத் தனியாகப் பிடித்து, 'இதுதான் குப்பை, எங்கே கண்டாலும் எடுத்துவிடு' என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டால், பேச்சை விட்டுவிட்டு மீதியைத் துடைத்துவிடும்.

ரேடியோவா அரை நிமிஷம் சும்மா இருக்கும்? முதலில் சிரித்தான். அப்புறம் வயிறு இரைந்தது. அதற்கும் சிரித்தான்.

"எழுந்து வெளிய போடா, சனியனே," என்று அவனைத் தள்ளிக்கொண்டு அவளும் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். மைக் மட்டும் உள்ளே தனியாகப் பதிவு செய்தது. ஆள் இல்லாத அறையின் ஓசை. இதைவிடச் சுத்தமான மாதிரி வேறென்ன கிடைக்கும் என்று அதையே சேமித்து வைத்துக்கொண்டாள்.

ஆள் இல்லாத அறை என்று அவளாகத்தானே முடிவு கட்டினாள்!

முதல் இரண்டு வாரமும் ஒலி அவ்வளவு சுத்தமாக வந்தது. "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்று கேட்பவர்கள் எழுதினார்கள். எண்ணிக்கை ஏறியது. பெரிய கம்பெனி ஒன்று, இன்னும் கடைக்கு வராத தன் புதுக் காதுக்கருவியை இவனுக்கு முதலில் அனுப்புகிறோம் என்றது. தம்பி வீடு முழுக்கக் குதித்தான்.

மூன்றாவது வாரம், மடிக்கிற போனைப் பற்றிய பதிவில், அவன் பேச்சின் ஓரங்கள் லேசாகத் தேய்ந்திருப்பதாக அவளுக்குப் பட்டது. மென்பொருள் குப்பையோடு பேச்சையும் சேர்த்துத் தின்கிறதோ? அதைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், நீக்கியதை மட்டும் தனியாகக் கேட்கலாம். அழுத்தினாள்.

தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். எதிர்பார்த்ததுதான்.

அதற்கு அடியில் யாரோ கேட்டார்கள்.

"அப்புறம்?"

பக்கத்து வீட்டுப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தாள். பின்னால் நகர்த்தி, தம்பியின் குரலையும் சேர்த்து ஓட்டினாள். 'இந்த போனை ரெண்டா மடிச்சுப் பாக்கெட்ல போட்டுக்கலாம்' என்று சொல்லிவிட்டு அவன் மூச்சு வாங்கினான். அந்த இடைவெளியில், உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துக்கொண்டு பேசுவது போல:

"எத்தன தடவ மடிக்கலாம்?"

ஆண் குரலா, பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. உலர்ந்த குரல். அவன் நிறுத்திய இடத்திலெல்லாம் அது இருந்தது. கேள்வி கேட்டது. சிரிக்க முயன்றது. கடைசியில், அவன் நன்றி சொல்லி முடித்த பிறகு, கெஞ்சியது.

"என்னையும் சேத்துக்கோங்க."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். தெருவில் யாரோ எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகல். வயர் எங்கேயாவது வானொலி அலையைப் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தம்பியிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் அந்தப் பயந்தாங்கொள்ளி அன்றைக்கே மூட்டை கட்டிவிடுவான். காதுக்கருவி வரப்போகிற நேரம். இத்தனை நாள் பட்ட பாடு பலிக்கப்போகிற நேரம். அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். நீக்கும் அளவைக் கடைசிவரை ஏற்றினாள். அந்தக் குரலின் சுவடே இல்லாமல் துடைத்து ஏற்றிவிட்டாள்.

அடுத்த வாரமும் அது கெஞ்சியது. மறுபடி துடைத்தாள்.

அதற்கடுத்த வாரம் அது கெஞ்சவில்லை. ஒன்றும் பேசவே இல்லை. கூர்ந்து கேட்டபோதுதான் புரிந்தது. தம்பி ஒவ்வொரு சொல்லாகச் சொல்லச் சொல்ல, அதையே அரைக்கணம் பிந்தி, பாடம் படிக்கிற பிள்ளை போல மெதுவாக ஒப்பித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம்தான் தம்பிக்குத் தொண்டை கட்டியது. மிளகுப் பால், ஆவி, மாத்திரை, எதற்கும் மசியவில்லை. நாளாக ஆக, குரல் தேய்ந்து வெறும் காற்றாகிவிட்டது. தொண்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள எல்லாம் பளிச்சுன்னு இருக்கே! ஒரு குறையும் இல்ல. பேச்சைக் குறைங்க, போதும்."

திரும்பும் வழியெல்லாம் ரேடியோ வாயை மூடிக்கொண்டு பஸ் ஜன்னலில் சாய்ந்து வந்தது. இனி மறைக்கக் கூடாது என்று அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் சிரிக்கவில்லை, நம்பாமலும் இல்லை. காற்றுக் குரலில் சொன்னான்:

"இந்த ஒண்ணை மட்டும் முடிச்சிடலாம்க்கா. கருவி வந்தாச்சு. முடிச்சிட்டு வேற வீடு பாப்போம்."

"குரலே இல்லாம என்னத்தடா பேசுவ?"

"கிசுகிசுத்தே பேசறேன். அதுவும் ஒரு புதுமைதான். நீ வெளிய இரு. உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அழுகை வருது."

அவள் கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே எந்த ஓசையும் கேட்கவில்லை. அந்தச் சுவர்கள் அப்படிப்பட்டவை. நின்று நின்று கால் கடுத்தது. இரண்டு தடவை தாழ்ப்பாள் வரை கை போயிற்று. பதிவைக் கெடுத்துவிடுவோமோ என்று இரண்டு தடவையும் இழுத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது.

"அக்கா! சரியாயிடுச்சு!"

கணீரென்ற குரல். பழைய குரல். அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். போனில் அம்மா, "ரேடியோவுக்குப் புது பேட்டரி போட்டாச்சா?" என்று சிரித்தாள். அவனும் அளவாகச் சிரித்தான். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் பிளக்கை மறக்காமல் செருகியவனும் அவன்தான்.

மறுநாள் மத்தியானம், அவன் படுத்திருந்த நேரத்தில், அவள் பதிவைத் திறந்து வெட்ட உட்கார்ந்தாள். வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

'அதாவது' இல்லை. அவன் வாய்க்கு வாய் சொல்கிற சொல் அது; வாரத்துக்கு நூறு 'அதாவது' பொறுக்கி எறிவாள். ஒன்றுகூட இல்லை. நாக்குப் புரளல் இல்லை, எச்சில் விழுங்கல் இல்லை. அடடா, இவ்வளவு சுத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டானா என்று ஒரு கணம் பெருமைகூடப் பட்டாள். பிறகு திரையில் ஓடிய அலைகளைப் பார்த்தாள். வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே கோடு தட்டையாகக் கிடந்தது.

பதிவு முழுக்க ஒரு மூச்சுகூட இல்லை.

மூச்சு வாங்காமல் எவனால் பேச முடியும்?

அந்தப் பொத்தானை அழுத்தினாள். நீக்கியதை மட்டும்.

தகரத்தில் தூறல்.

அப்புறம் மூச்சு. வேகமான, அழுகை அடைத்த மூச்சு. அதை அவள் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வாள்.

"அக்கா... அதாவது... கதவுக்கு வெளியதானே நிக்கிற? கதவைத் திற. எனக்குக் குரல் போகலக்கா. நான் கத்திட்டுதான் இருக்கேன். உனக்குக் கேக்கலயா? அக்கா!"

நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போன கையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்றாளே! தாழ்ப்பாளில் கை வைத்தாளே! பாவி, திறக்கவில்லையே!

வாரக்கணக்காக ஒரு குரலைக் குப்பை, குப்பை என்று தள்ளிக்கொண்டிருந்தது அவள்தான். தள்ளப்பட்டது வந்து அவன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவனைத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டது. அப்படியென்றால் மாற்றிப் போடவும் முடிய வேண்டும். இப்போது அவன் வாயில் இருக்கும் குரலை மட்டும் அரை நிமிஷம் பதிவு செய்து, அதே அறையில், இதுதான் குப்பை என்று மென்பொருளுக்குக் காட்டினால்? பைத்தியக்கார யோசனைதான். வேறு எந்த யோசனையும் அவளிடம் இல்லை. தம்பியை மீட்காமல் அந்த வீட்டை விட்டு நகர அவளால் முடியாது.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூப்பிட்டாள்.

"டேய், ஒரு சின்ன இடம் சரியா விழல. வந்து அரை நிமிஷம் பேசிட்டுப் போ."

மறுபேச்சில்லாமல் எழுந்து வந்தான். கட்டிலில் அவன் படுத்திருந்த இடத்தில் கசங்கலே இல்லை. அறைக்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, பதிவை ஓட்டினாள்.

"பேசு."

அவன் உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"முதல்ல அமைதி. அப்புறம்தானே பேச்சு?"

அவன் அசையாமல் இருந்தான். இமை அசையவில்லை. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டிய அலமாரியின் வாடை மெல்ல மெல்ல ஏறியது.

யாரும் பேசாத அந்த அறையில், ஒலி அளவைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது.

இடது காதில் யாரோ மூச்சு விட்டார்கள். தம்பி இல்லை. தம்பியை அவளுக்குத் தெரியும். இது வேறு. அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்னும் பின்னால், இன்னும் நிறைய.

"இப்ப நீ பேசுக்கா," என்றது எதிரில் இருந்தது, அவன் குரலில், அன்பாக.

மாட்டேன். பல்லைக் கடித்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். எழுந்து ஓட நினைத்தாள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

அவள் வாய் திறந்தது.

அவள் திறக்கவில்லை.

"வணக்கம். பெட்டி பிரிக்கலாம் நிகழ்ச்சிக்கு வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். இன்னைலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே பேசப்போறோம்."

அவளுடைய குரல்தான். பிசிறு இல்லை. இடையில் ஒரு மூச்சு இல்லை. எதிரில் இருந்தவன் தலையாட்டினான்.

அவள் அலறினாள். தொண்டை கிழிய அலறினாள். அறையில் ஓர் அணுவும் அசையவில்லை. தூறல் மட்டும் எல்லாப் பக்கமும் விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில், மிகவும் பக்கத்தில், வேகமாக மூச்சு வாங்கியபடி ஒருவன் அவள் குரலைத் தேடி வந்தான்.

"அய்யோ அக்கா... நீ எதுக்கு இங்க வந்த?"