ஓர் அங்குலம் குட்டை

பனிக்காலத்தில் ஓரின் ஹால்வர்சன் காலைக் காப்பிக்கு முன்பே படியிறங்கி, முற்றத்துப் பனியில் கெஜக்கோலை ஊன்றி ஆழம் பார்ப்பார்; அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரே அவருடைய கணக்கைத் தொலைபேசியில் கேட்டறியும். கோலின் மஞ்சள் முகத்தில் சிவப்பெழுத்து: 'ஹால்வர்சன் மரவாடி. எங்கள் அளவு பிசகாது.'

ஒரு நாள் உருவியபோது கோல் வரவில்லை. அடியில் எதுவோ மெல்லப் பற்றியிருந்து, பிறகு விட்டது. நுனி ஓர் அங்குலத்துக்கு நனைந்திருந்தது. பனியீரமன்று, பாசி மணக்கும் கிணற்றுநீர்.

"என்னங்க, பனிக்கு வேர் முளைச்சிருக்கா?" சன்னலிலிருந்து மனைவி ஹில்டா சிரித்தாள். "உங்க சிரிப்பத்தான் அளந்து வாங்கணும், பனியையாவது தாராளமா விடுங்க!"

அவர் சிரிக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் இலவசமாகக் கொடுக்க அச்சிட்டு வந்த இருநூறு கோல்களும் ஓர் அங்குலம் குட்டை என்பதைக் கட்டுப் பிரித்த அன்றே கண்டிருந்தார். விளம்பரத்துக்குத்தானே என்று ஊரெல்லாம் கொடுத்தார். பக்கத்து வீட்டு மார்ட்டின் குரூஸ் அந்தக் கோலால் அளந்தே கிணற்று மூடிக்குப் பலகை அறுத்தான். விளிம்பில் தங்காத மூடி உள்ளே சரிந்தது. அதன்மேல் நின்ற ஐந்து வயது மகள் நெட்டியும் அதோடு விழுந்து இறந்தாள். ஊர் தகப்பனின் கையைப் பழித்தது. ஓரின் வாய் திறக்கவில்லை. மணி கட்டிய ஆட்டை விழுங்கிய ஓநாய்க்கு ஆயுள் முழுதும் வயிற்றுக்குள் மணி ஒலித்ததாம். அவருக்கும் ஐந்தாண்டுகளாக அப்படித்தான்.

மறுநாள் பிடி இறுகியது. மூன்றாம் நாள் கோல் கீழே இழுபட்டது. ஓர் அங்குலம். நின்றது. இன்னோர் அங்குலம். சிவப்பெழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் பனிக்குள் போயின.

அன்றே கருவாலிப் பலகைகளையும் எஃகு அளவுநாடாவையும் வண்டியிலேற்றி மார்ட்டினிடம் போனார்.

"உன் கை பிசகலப்பா. என் கோல்தான் குட்டை. எனக்கு அப்பவே தெரியும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"அஞ்சு வருசமா நான் ரம்பத்தத் தொடல, ஓரின்," என்றான் மார்ட்டின். "கிணத்து மூடியப் போடு."

மூன்று முறை அளந்தார். ஒரு சாண் கூட்டியே அறுத்தார். இருவரும் தூக்கி வைத்தார்கள்.

ஓர் அங்குலம் இடைவெளி.

தள்ளினார்கள். அப்போதும் ஓர் அங்குலம். உள்ளிருந்து பாசி மணம். அந்த இருட்டில் நான்கு சிறு விரல்கள், மூடியின் விளிம்பைப் பிடித்தபடி.

மார்ட்டின் மண்டியிட்டு விம்மினான். ஓரின் கையுறையைக் கழற்றினார். குறைந்துபோன அந்த அங்குலத்தின்மேல் தம் கையை வைத்தார்.

சில்லிட்ட விரல்கள் பற்றிக்கொண்டன. விடவில்லை.