ஒரு வாய் ரொட்டி

"மூணு தட்டா வைங்கம்மா" என்றார் வந்தவர். வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள் என்று தையல்காரி அவரிடம் மூச்சே விட்டிருக்கவில்லை.

ஆள் ரொம்ப மரியாதைக்காரர். செருப்பை வாசலில் கழற்றி, கையைக் கழுவி, தைத்து முடிக்காத சட்டைகளை மேசையிலிருந்து தானே ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் அவருடைய வண்டி இன்ஜினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டே இருக்க, அதன் டீசல் நெடி ஜன்னல் வழியே நுழைந்து, அடுப்பில் கொதித்த சூப்பின் வாசனையோடு கலந்தது. எதிர்வீட்டுக் குடும்பத்தை அதே வண்டியில்தான் ஏற்றினார்கள். "கிறிஸ்தவங்களா?" என்ற கேள்விக்கு "ஆமா" என்றார்கள், அவ்வளவுதான். மறுநாள் கல்குவாரிப் பக்கம் அவர்களுடைய துணிமணிகள் மட்டும் கிடந்தன. அதில் பாதி அவள் தைத்தது.

அவளிடமும் அதே கேள்விதான். "ஐயோ, இல்லைங்க" என்றுவிட்டாள். பொய் என்ன லட்சணமாக வந்தது, சே! விசுவாசம் மனசுக்குள் இருந்தால் போதாதா, புருஷன் போன பிறகு மிஞ்சியிருக்கும் ஒரே பிள்ளையை யார் வளர்ப்பது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. பாப்பா ஸ்கூல் விட்டு வரட்டும். சேர்ந்தே சாப்பிடுவோம்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணை மூடி ஜெபிக்காமல் அவள் மகள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். அப்படிப் பழக்கியதே இவள்தான். மறந்தால் செல்லமாகத் தலையில் ஒரு குட்டும் விழும். இந்த மனுஷனுக்கு அது தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

ஜன்னலோரம் நகர்ந்தாள். அவர் தலை கூடவே திரும்பியது. பின்கதவருகே போனாள். வெளியே யாரோ இருமினார்கள். சூப் பொங்கி வழிந்தது. வாசலில் சின்னக் காலடி.

"வாடி, உட்காரு. கையெல்லாம் கழுவ வேண்டாம்." ரொட்டியைப் பிய்த்தாள். சூப்பில் தோய்த்தாள். பிள்ளை கையைக் கூப்புவதற்குள் வாயில் திணித்தாள். தன் வாயிலும் ஒரு துண்டு. பெரிய துண்டு. மெல்லடி. மெல்லு, என் தங்கமே.

மகள் மெல்லவில்லை. துண்டை எடுத்துத் தட்டோரம் வைத்தாள்.

"ஸ்கூல்லயே வந்து கேட்டுட்டாங்கம்மா. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

வந்தவர் சிரித்தார். "அம்மாவும் அப்படித்தான்னு பாப்பா சொல்லுச்சு. எதுக்கும் நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்." எழுந்தார். "நீங்கதான் இல்லைன்னுட்டீங்களே. உங்களுக்கு வண்டியில இடமில்லம்மா. நீ வா பாப்பா."

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபமில்லை. பயம்தான். அம்மா ஏதாவது சொல்வாள் என்று நின்றது.

ஒரு வார்த்தை. ஒரே ஒரு "ஆமா". சொன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம். குவாரி வரைக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

வாய் நிறைய ரொட்டி. விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை.

"அம்மா?"

அவர் பிள்ளையின் கையைப் பிடித்தார். வாசல். படி. வண்டிக் கதவு சாத்தும் சத்தம்.

மேசையருகே நின்றபடி தையல்காரி மென்றுகொண்டிருந்தாள். நிறுத்தப் பார்த்தாள். தாடை நிற்கவில்லை.